மிச்சக் கதை

'காவியத் தலைவன்' 2014ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி வெளியாயிற்று. வந்த ஞாயிற்றுக்கிழமையே என் அத்தையை வள்ளூரிலிருந்து திருவொற்றியூருக்கு அழைத்துச் சென்றேன். அவளுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. திரையரங்கின் பக்கம் போய்ப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகியிருக்கும். "கிட்டப்பா, சுந்தராம்பாள் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்களாம்" என்று நான் சொன்ன ஒரு சொல்லுக்காகவே புறப்பட்டாள். படம் முடிந்து வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்றபடி கேட்டாள்: "சுந்தராம்பா கதைன்னு இட்டாந்தியே, மிச்சக் கதை எங்கடி?"

சினிமாவில் எல்லாவற்றையும் காட்ட முடியாது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இலக்கியம் கற்பிப்பவள் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

மேற்கில் ஆபரா என்றொரு கலை உண்டு. கதை முழுவதையும் பாட்டாகவே நிகழ்த்துவது. அதற்கு நேரான கலை நம்மிடம் இல்லையெனினும், பாடகரே நடிகராக, குரலே கதாபாத்திரமாக நின்ற ஓர் அரங்கு நமக்கு இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வளர்த்தெடுத்த இசைநாடகம் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் மணல்தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் சொல் சென்று சேர வேண்டும். அதற்கு வேண்டிய தொண்டை படைத்தவரே ராஜபார்ட். அந்த அரங்கின் உச்சியில் நின்றவர்கள் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும்.

கிட்டப்பா 1906இல் பிறந்து 1933 டிசம்பர் 2ஆம் தேதி மறைந்தார். இருபத்தேழே ஆண்டுகள். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931லேயே வந்துவிட்டபோதிலும் அவர் படம் எதிலும் நடிக்கவில்லை. ஆகவே அவரது அசையும் உருவம் நம்மிடம் இல்லை. கிராமபோன் தட்டுகளில் குரல் மட்டும் இருக்கிறது. அவரை அடியொற்றிப் படமெடுக்க வருபவருக்குப் பெரும் சுதந்திரமும் பெரும் இடர்ப்பாடும் இதுவே.

பாடகரின் வாழ்வைப் படமாக்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, யார் குரலில் பாடுவது என்பது. என்ரிகோ கரூஸோ என்ற இத்தாலியப் பாடகரைப் பற்றி 1951இல் அமெரிக்காவில் எடுத்த படத்தில் நாயகன் மரியோ லான்சா தாமே பாடினார். 1994இல் வந்த 'ஃபாரினெல்லி'யில் பதினெட்டாம் நூற்றாண்டின் அபூர்வக் குரலொன்றைத் திரும்பப் பெறுவதற்காக, ஒரு பெண்ணின் குரலையும் ஓர் ஆணின் குரலையும் கணினி கொண்டு இணைத்தார்கள். மரியா காலஸின் இறுதி நாட்களைச் சொல்லும் 'மரியா' (2024) படத்துக்காக ஏஞ்சலினா ஜோலி மாதக்கணக்கில் பாடப் பயின்றார். படத்தில் அவர் குரல் காலஸின் பழைய ஒலிப்பதிவுகளோடு கலந்து ஒலிக்கிறது.

வசந்தபாலன் இந்தக் கேள்வியை வேறு வழியில் கடந்தார். பெயர்களை மாற்றினார். கிட்டப்பாவை நினைவூட்டுபவர் தலைவன்கோட்டை காளியப்ப பாகவதர் ஆனார். சுந்தராம்பாளை நினைவூட்டுபவர் வடிவாம்பாள் ஆனார். சங்கரதாஸ் சுவாமிகளின் சாயலில் சிவதாஸ் சுவாமிகளாக நாசர் வந்தார். வரலாறு என்று பெயர் சொல்லாதபோது தட்டில் பதிவான குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டாயமும் இல்லை. ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் ஹரிசரண், ஸ்வேதா மோகன் முதலியோர் பாட, சித்தார்த்தும் வேதிகாவும் வாயசைத்தார்கள். ஜெயமோகன் வசனம் எழுதினார். நீரவ் ஷாவின் ஒளிப்பதிவில் கொட்டகையின் விளக்கொளியும் அரிதாரமும் திரைச்சீலையும் அழகாகவே துலங்கின. உழைப்பில் குறை சொல்ல முடியாத படம். வணிக வெற்றி அதற்கு வாய்க்கவில்லை. 2014ஆம் ஆண்டுக்கான தமிழக அரசின் விருதுகள் 2017இல் அறிவிக்கப்பட்டபோது சித்தார்த்துக்கும் பிருத்விராஜுக்கும் ரஹ்மானுக்கும் அங்கீகாரம் வந்தது.

என் மனக்குறை வேறு. அந்தப் படத்தின் அச்சு, காளியப்பனுக்கும் கோமதிநாயகத்துக்கும் இடையிலான போட்டி. ஒரே குருவின் இரு மாணவர்கள், ஒருவரின் மேதைமை, மற்றவரின் பொறாமை. மலையாளத்தில் அப்படம் 'பிரதிநாயகன்' என்ற பெயரில் சென்றது. நாயகன், பிரதிநாயகன் என்று இருவரும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்ட பின் பாடகிக்கு எஞ்சியது காதலி என்னும் இடமே. சுந்தராம்பாள் என்னும் பெண்ணின் வாழ்வில் கிட்டப்பாவுக்குப் பிந்திய ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் படத்துக்கு வெளியே நின்றுவிட்டன. அத்தை கேட்ட மிச்சம் அதுதான்.

படம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தியாகராஜர் கோயிலுக்குள் சென்று மகிழமரத்தடியில் சிறிது நேரம் உட்கார்ந்தோம். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இந்த ஒற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு, பிரியேன் என்று இம்மரத்தடியில் சத்தியம் செய்து மணந்தார். வசந்தம் வந்ததும் ஆரூர் நினைவு வர, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் அந்தச் சத்தியத்தை நடத்திக் காட்டுகிறார்கள். நான் பல ஆண்டுகள் பெரியபுராணம் பாடம் நடத்தியவள். அன்றுதான் ஒன்று உறைத்தது. சுந்தரர் எல்லை தாண்டியதும் கதையும் அவர் பின்னாலேயே போய்விடுகிறது. எந்தப் பதிகத்தில் கண் கிடைத்தது, எந்த ஊரில் ஊன்றுகோல் கிடைத்தது என்றெல்லாம் அறிகிறோம். ஒற்றியூரில் நின்றுவிட்ட சங்கிலியார் அன்று மாலை என்ன செய்தார் என்பதை அறியோம். காப்பியத்தின் முடிவில் கயிலையில் உமையின் தோழியாக அவரை மீண்டும் காண்பதோடு சரி. கதை நடப்பவரோடு போகும், நின்றவரிடம் தங்காது. சேக்கிழாருக்கே நேர்ந்தது வசந்தபாலனுக்கு நேர்ந்ததில் வியப்பில்லை.

சுந்தராம்பாளின் மிச்சக் கதை என்ன? கிட்டப்பாவுக்கு முன்பே திருமணமாகியிருந்தது. 1920களின் பிற்பகுதியில் மேடையில் சேர்ந்து, வாழ்விலும் சேர்ந்து, பின்பு பிரிவையும் கண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில் சுந்தராம்பாள் அவரை முற்றாக இழந்தார். வெள்ளைச் சேலைக்கு மாறினார், நகைகளைத் துறந்தார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார் என்பார்கள். அதன்பின் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த உறுதியின் வடிவம் தெரியும். 'நந்தனார்' (1935) படத்தில் ஆண் வேடம், அதுவும் பக்தர். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று நாடெங்கும் பேச்சு. 'மணிமேகலை'யில் (1940) துறவு பூண்ட பெண். 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகள். இவற்றுக்கு நடுவே 1953இல் ஜெமினியின் 'ஔவையார்'.

'ஔவையா'ரைத்தான் நான் சுந்தராம்பாளின் வாழ்க்கைப் படம் என்பேன். கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படத்தில் இளம்பெண்ணான ஔவைக்குத் திருமணம் நிச்சயமாகிறது. அவள் பிள்ளையாரிடம் தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறாள். அதுவரை திரையில் இருந்தவர் குசலகுமாரி. வேண்டுதல் பலித்ததும் நரைத்த தலையும் திருநீறும் வெள்ளை உடையுமாகச் சுந்தராம்பாள் எழுந்து வருகிறார். ஔவை வேண்டிப் பெற்றதை, வேண்டாமலே பெற்றவர். ஒரு நடிகை தம் கதையைப் பிறர் பெயரால் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன வேறோர் இடம் தமிழ்த் திரையில் எனக்குத் தெரியவில்லை. குரலுக்கும் அங்கே இரவல் வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. அந்த வெள்ளைச் சேலை அவராகத் தேர்ந்ததா, அல்லது பாடகியைத் தெய்வமாக்கி உட்காரவைத்தால்தான் நமக்கு நிம்மதியா? கைம்பெண்ணின் தவத்தைப் போற்றும் சமூகம், அதே பெண் மறுநாள் வண்ணச்சேலை உடுத்திப் பாடியிருந்தால் கேட்டிருக்குமா? இதை அத்தையிடம் கேட்டேன்.

என் அத்தை இருபத்து மூன்று வயதில் கணவனை இழந்தவள். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன மாமா ஒருநாள் திரும்பி வரவில்லை. மீஞ்சூர்ப் பக்கத்து டூரிங் டாக்கீஸில் 'ஔவையார்' வந்தபோதெல்லாம் அவள் போனாள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அது சாமிப் படம். பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக வேலை பார்த்து, தம்பி மகளான என்னையும் படிக்க வைத்தாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் உடுத்தியது வெள்ளைச் சேலைதான்.

"வெள்ளச் சீல கட்னா எந்தத் தெருவுலயும் நடக்கலாம்டி. எவனும் எங்க போறேன்னு கேக்க மாட்டான். சுந்தராம்பா சொல்லிக் குடுத்ததுதான் அது" என்றாள்.

சுந்தராம்பாள் அந்தச் சேலையோடு நடந்த தொலைவு சிறிதன்று. 1958இல் சென்னைச் சட்ட மேலவைக்குள் நடந்தார். 'துணைவன்' படப் பாட்டுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைத் தம் அறுபதுகளில் பெற்றார். 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறையும்வரை குரல் அவரை விட்டு அகலவில்லை. அச்சேலை சிறையா, வழிச்சீட்டா என்று நான் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னேன். அத்தை இரண்டையும் சேர்த்தே உடுத்தியிருந்தாள்.

அவள் இப்போது இல்லை. இறுதிச் சடங்கன்று அவளது இரும்புப் பெட்டியைத் திறந்தோம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலைகளுக்கு அடியில் அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. பல முறை உடுத்தித் துவைத்து நைந்துபோன சேலை. அவள் அதை உடுத்தி நான் ஒருநாளும் கண்டதில்லை.