உளி செய்யும் உபகாரம்

நகரத்து டாக்டர்கள் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சிறுதானியத்தைச் சிபாரிசு செய்யத் தொடங்கி, ஐக்கிய நாடுகள் சபையும் 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென்று கொண்டாடி முடித்த பிறகு, அந்தத் தானியத்தை மாவாக்கித் தருகிறவருடைய ஜீவனம் எப்படி நடக்கிறதென்று பார்க்கும் ஆவலில், நாமக்கல் நண்பர் ஒருவரின் அறிமுகத்தோடு ஜேடர்பாளையம் போயிருந்தேன்.

காவிரிப் படுகை அணையில் பிரியும் ராஜா வாய்க்காலின் புண்ணியத்தால் கரும்பும் வாழையும் வெற்றிலையும் செழிக்கும் பூமி அது. கம்பும் சோளமும் மேட்டுக்காட்டிலிருந்தும், சாமையும் ராகியும் கொல்லிமலையிலிருந்தும் வந்தாக வேண்டும். அவற்றைப் போசியிலும் பையிலும் கொண்டுவந்து அரைத்துப் போகிற ஜனங்களுக்காக ஒரு கல் மில் இன்னும் ஓடுகிறது. மோட்டாரைப் பற்றி மில்காரர் விஸ்தாரமாகச் சொன்னவற்றை விட்டுவிடுகிறேன். என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சாண் நீள உளிதான்.

அறுபதைக் கடந்த அந்த மனிதர் கல்லைக் கழற்றிக் கிடத்தி, நடுவில் ஆழமாகவும் விளிம்பை நெருங்க நெருங்க மேலாகவும் பள்ளங்களைக் கொத்திக்கொண்டு போனார். கொல்லன் உலையில் காய்ச்சி அடித்த உளி மழுங்க, வேறொன்றை எடுத்தார்.

“கல்லு மழுங்கிருச்சுன்னா அரைக்காதுங்க, தேய்க்கும். மாவு கையில புடிக்க முடியாத சூடா வருமுங்க.”

கொத்தி முடிந்ததும் கல் துகள் போவதற்காகத் தவிட்டை ஓட்டிக் கழித்துவிட்டு, அதன் பிறகே ஒரு பாட்டியின் கம்பைக் கொட்டினார். விழுந்த மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்து, கல்லின் இடைவெளியைச் சற்றே தளர்த்தினார்.

அந்தத் தளர்ச்சியில்தான் ஆரோக்கிய சாஸ்திரம் இருக்கிறது. தவிடும் முளையும் நீங்காத மாவானாலும் மிக நைசாக அரைபட்டால் சீக்கிரம் ஜீரணித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சற்றுக் கொரகொரப்பாக இருந்தால் நிதானமாகக் கரைந்து, உழைக்கிறவனுக்கு நெடுநேரம் பலம் தரும். முளையிலுள்ள எண்ணெயோ, அரைபட்டதும் நொதிகளும் காற்றும் படக் காறத் தொடங்கும். “கம்பு மாவ வெச்சிருந்தா கசந்து போயிருமுங்க சாமி” என்று பாட்டி சொன்னதும் இதையே. தவிட்டை அலட்சியம் செய்தால் தேகம் என்னவாகும் என்பதை, ஜாவாவில் தீட்டிய அரிசி தின்று தள்ளாடிய கோழிகளைக் கொண்டு ஆராய்ந்த டச்சு வைத்தியர் ஏக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பாட்டிக்குப் பரிசு, அன்றைய களி.

ஆனால் லாபம் யாருக்கு? சேலத்துச் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி, கொல்லிமலையில் சாமைக் காட்டை விழுங்கியது. எஞ்சியதைக் காக்க சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைப் பெண்களின் குழுக்களுக்குச் சிறு அரவை இயந்திரங்களைக் கொடுத்து உதவியது. உரலில் இடித்த கைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆயினும், விளைந்த மூட்டைக்கு வியாபாரி சொன்னதே விலை, அரைத்தவருக்குக் கிலோவுக்குச் சில ரூபாய்க் கூலி, அதே தானியத்தை வழவழப்பான பொட்டலத்தில் அடைத்து ‘பாரம்பரியம்’ என்று அச்சிட்டவனுக்குப் பன்மடங்கு லாபம் என்றால், இதற்கு வர்த்தகம் என்று பெயரிடுவதே அதிக மரியாதை. தானியத்தை முழுசாக வாங்கி, பக்கத்து மில்லில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளும் குடும்பம் தன் தேகத்துக்கும் நன்மை செய்கிறது, உளி பிடித்த கைக்கும் கூலி கொடுக்கிறது. பொட்டலத்தை வாங்குகிறவர்கள், தாங்கள் பணம் கொடுப்பது மாவுக்கா, காகிதத்துக்கா என்று கணக்குப் பார்க்கட்டும்.