யார் செய்த பாவம்?

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தில் ஒரு கிறித்தவக் குடும்பம் வாழ்ந்து வருகிறது. தாத்தா சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தந்தை நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகிறார்.

ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். ஆனால், தந்தை வரும் மாலை வண்டியின் ஒலி பிறர் செவிக்கு எட்டுமுன்பே வாயிலில் வந்து நிற்பான். ஆலயத்தில் பாட்டும் மேளமும் உரக்க ஒலித்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். "பெற்றோர் செய்த பாவமோ?" என அயலார் சிலர் முணுமுணுத்தனர். தாய் ஆலயம் செல்வதையே நிறுத்திவிட்டார்.

ஒருநாள் பாட்டி, யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து மருமகளுக்குப் படித்துக் காட்டினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், அது யாருடைய பாவத்தின் விளைவு என்று வினவுகின்றனர். இயேசுவோ அவர்மீதும் அவருடைய பெற்றோர்மீதும் பழி சுமத்த மறுத்துவிடுகிறார்.

பெற்றோரைப் பழிக்கும் பிழையை ஒருகாலத்தில் மருத்துவ அறிஞர்களும் செய்தனர். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்று சிலர் எழுதினர். ஆட்டிசமுடைய மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்டு, 1964இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. எவருடைய குற்றமும் அன்று.

அடுத்த ஞாயிறன்று தாய் மகனுடன் ஆலயம் சென்றார். வாயிலருகே கடைசி இருக்கையில் அமர்ந்தனர். பாட்டுத் தொடங்கியதும் அவன் எழுந்து வேப்பமர நிழலுக்குச் சென்றான்; பாட்டியும் உடன் சென்றார். பாட்டு முடிந்தபின் இருவரும் திரும்பி வந்தனர். முன்பு முணுமுணுத்தவர்களுள் ஒருவர் சற்றே நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்.