நடிக்க வாய்ப்பு தேடுபவர்களுக்கு ஒரு பி.காம். மாணவனின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நடிப்பு வராது. பள்ளி ஆண்டு விழாவில்கூட நான் திரை இழுக்கிறவன்தான். பிறகு நடிகர்களுக்கு அறிவுரை சொல்ல இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

என் விடுதி அறைத்தோழன் இரண்டு வருடங்களாக ஆடிஷன் ஆடிஷனாக அலைகிறான். துணைக்கு நானும் போயிருக்கிறேன். சாலிகிராமம், வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் எத்தனையோ அலுவலகங்களின் மாடிப்படியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதும், அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பதும்தான் அங்கே பொழுதுபோக்கு. அப்படிப் பார்த்ததையும் கேட்டதையும் வகுப்பில் படித்ததோடு சேர்த்து யோசித்தால், வாய்ப்பு தேடுவதும் ஒரு தொழில் நடத்துவது மாதிரிதான் என்று தோன்றுகிறது. அவன் அப்பா அவனுக்குக் கொடுத்திருக்கும் கெடு, படிப்பு முடிந்து ஒரே ஒரு வருடம். அதற்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஊருக்குப் போய் உரக்கடையில் உட்கார வேண்டும். இப்படி கெடு வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தப் படிக்கட்டில் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இது.

சந்தையிடுகை பாடத்தில் நான்கு விஷயம் சொல்வார்கள். பொருள், விலை, இடம், விற்பனை மேம்பாடு. மெக்கார்த்தி என்ற பேராசிரியர் 1960ல் எழுதியது. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் சொன்னதை நடிகனுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலில் பொருள். அதாவது நீங்கள். பெரும்பாலானவர்கள் செய்வது, எல்லா வேடத்துக்கும் நான் தயார் என்று சொல்வது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தேர்வு செய்கிற உதவி இயக்குநரின் கையில் இருப்பது ஒரு பட்டியல்: மதுரைத் தமிழ் பேசுகிற மெக்கானிக், 25 வயது, கண்டிப்பான வங்கி மேலாளர், 45 வயது, நன்றாக சைக்கிள் ஓட்டத் தெரிந்த பையன். அந்தப் பட்டியலில் நீங்கள் எந்த வரியில் பொருந்துவீர்கள் என்று உங்களுக்கே தெரிய வேண்டும். ஊர்ப் பேச்சு ஒரு பெரிய சொத்து. நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ சுத்தமாக வருகிறது என்றால் அதை மறைத்து 'சினிமாத் தமிழ்' பேசாதீர்கள். நீச்சல், புல்லட் ஓட்டுவது, சிலம்பம், பறை, பரதம் எது தெரிந்தாலும் எழுதுங்கள். தெரியாததை எழுதாதீர்கள். படப்பிடிப்பில் கிணற்றில் குதிக்கச் சொல்லும்போது நீச்சல் தெரியாது என்றால் ஒரு யூனிட்டின் அன்றைய செலவு முழுவதும் வீண்.

பொருளை மேம்படுத்தவும் வேண்டும் அல்லவா? அதற்கு நாடகம் நல்ல வழி. ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று எத்தனை பேர் சினிமாவுக்கு வந்தார்கள்! அங்கே கணக்கராக வேலை பார்த்தவர் விஜய் சேதுபதி. அவரும் பி.காம். என்பதில் எங்கள் வகுப்புக்கே ஒரு பெருமை உண்டு. துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்கள் பயிற்சி செய்வதைக் கவனித்தவர். 'புதுப்பேட்டை' (2006) படத்தில் கும்பலில் ஒருவர். 'தென்மேற்குப் பருவக்காற்று' 2010ல் வந்தபோதுதான் கதாநாயகன். பலரும் அவரைக் கவனித்தது 'பீட்சா' (2012) வந்த பிறகு. நடுவில் குறும்படங்களில் நடித்தார். அந்தக் குறும்படங்களை எடுத்த கார்த்திக் சுப்பராஜ்தான் பின்னால் 'பீட்சா'வை எடுத்தார். வாய்ப்பு மேலே இருக்கிறவரிடமிருந்து மட்டும் வருவதில்லை. இன்றைக்கு உங்கள் கூட டீ குடிக்கிற உதவி இயக்குநர்தான் நாளைக்கு இயக்குநர். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விற்பனை மேம்பாடு. அந்தக் காலத்தில் கையில் போட்டோ ஆல்பத்தோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார்கள். இப்போது ஆல்பம் கைபேசிக்குள் வந்துவிட்டது. அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதே இல்லை. மூன்று புகைப்படங்கள் போதும்: முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம். மேக்கப் வேண்டாம், கூலிங் கிளாஸ் வேண்டாம், பில்டர் கண்டிப்பாக வேண்டாம். படத்தில் இருக்கும் ஆளும் நேரில் வரும் ஆளும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். தாடி எடுத்தால் தாடி இல்லாத படம் ஒன்றை உடனே சேர்த்துவிடுங்கள்.

பிறகு அறிமுக வீடியோ. ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், வெளிச்சம் முகத்தில் விழும். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். கைபேசியைக் கண் உயரத்தில், படுக்கை வாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். (சென்னையில் இது கொஞ்சம் கஷ்டம்தான், இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்!) பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள் சொல்லிவிட்டு இடது பக்கம், வலது பக்கம் திரும்பிக் காட்டுங்கள். அதன் பிறகு ஒரு நிமிட நடிப்பு. இங்கேதான் நிறைய பேர் பிரபலமான கதாநாயகனின் பிரபலமான வசனத்தைப் பேசுகிறார்கள். அதைப் பார்க்கிறவர் மனதில் அந்தக் கதாநாயகன்தான் வருவார், நீங்கள் வரமாட்டீர்கள். உங்கள் ஊரில் கடன் கேட்டு வந்தவர் எப்படிப் பேசினார், பேருந்தில் சில்லறைக்காகச் சண்டை போட்டவர் எப்படிப் பேசினார் என்று பார்த்து நீங்களே எழுதிப் பேசுங்கள். கேமராவை முறைக்காமல், லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பெயர், வயது, உயரம் மூன்றும் இருக்கட்டும். 'வீடியோ 1' என்ற பெயரில் அனுப்பினால் நூறு வீடியோவில் உங்களுடையதை யார் தேடுவார்கள்?

ஆடிஷன் அறைக்குள் நான் போனதில்லை. போய் வந்தவர்கள் படிக்கட்டில் பேசியதைத் தொகுத்துச் சொல்கிறேன். வசனத்தாளைக் கொடுத்ததும் மனப்பாடம் செய்ய ஓடாதீர்கள். யாரிடம் பேசுகிறேன், அவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் வசனம் தானாக நிற்கும். எதிரில் இருப்பவர் பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் முறைக்காகக் காத்திருப்பது முகத்தில் தெரிந்துவிடும். "இன்னொரு தடவை வேற மாதிரி பண்ணுங்க" என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. சொன்னதை வாங்கிக்கொண்டு மாற்ற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முதல் தடவை செய்ததையே இன்னும் சத்தமாகச் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகமாம். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். "எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். தினமும் போன் போடவும் வேண்டாம். புதிதாக ஒரு குறும்படமோ நாடகமோ செய்திருந்தால் அதை அனுப்புங்கள், அதுவே நினைவூட்டல்.

கிடைக்கவில்லை என்றால்? உங்கள் நடிப்புக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள் ஏராளம். அண்ணனாக நடிப்பவரைவிடத் தம்பி உயரமாக இருக்கக்கூடாது என்பார்கள். முகஜாடை அம்மா நடிகையோடு பொருந்தவில்லை என்பார்கள். 'காக்கா முட்டை'க்கு மெருகேறிய குழந்தை நட்சத்திரங்கள் பொருந்தியிருப்பார்களா, சொல்லுங்கள். அந்த வாழ்க்கையை அறிந்த சிறுவர்கள் நடித்தார்கள், தேசிய விருதும் வாங்கினார்கள். தேர்வு என்பது பொருத்தம் பார்ப்பது. மதிப்பெண் போடுவது இல்லை.

இப்போது விலை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சென்ற வருடம் என் அறைத்தோழனுக்கு ஒரு அழைப்பு வந்தது. பெரிய படம், இரண்டாவது கதாநாயகனின் நண்பன் வேடம், தேர்வாகிவிட்டீர்கள் என்றார்கள். இத்தனைக்கும் அவர்கள் அவனை நடிக்கச் சொல்லியே பார்க்கவில்லை. பதிவுக் கட்டணம் 3,000. பிறகு போட்டோ எடுக்க 9,000. பிறகு 'அடையாள அட்டை'க்கு 6,000. மொத்தம் 18,000 ரூபாய். துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் அவனுடைய அக்கா சேர்த்து வைத்த பணம். அதன் பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை. அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, பணத்தை ஒரே தடவையில் கேட்கவில்லை. 3,000 கொடுத்தவன் அதைக் காப்பாற்ற 9,000 கொடுக்கிறான். 12,000 கொடுத்தவன் அதைக் காப்பாற்ற இன்னொரு 6,000 கொடுக்கிறான். எங்கள் பாடத்தில் இதற்கு 'சங்க் காஸ்ட்' என்று பெயர். போன பணம் போனதுதான். அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. வாழ்க்கையில் ஒருவரின் பல மாதச் சேமிப்பு.

விதி ஒன்றுதான். நடிப்பு என்பது வேலை. வேலைக்குப் பணம் நமக்கு வர வேண்டும், நாம் கொடுக்கக்கூடாது. ஒருநாள் வேடத்துக்குக்கூட சம்பளமோ பேட்டாவோ உண்டு. பயிற்சிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டுவது வேறு, அங்கே நீங்கள் மாணவர். வேடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்டால் அது வாய்ப்பு இல்லை. பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஏமாற்றினால் நம்பாதீர்கள் என்று தயாரிப்பு நிறுவனங்களே அவ்வப்போது அறிக்கை விடுகின்றன. இணையம் வழியாகப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக இடம். எங்கே வரச் சொல்கிறார்கள் என்பது முக்கியம், பெண்களுக்கு மிக முக்கியம். பகலில், அலுவலகத்தில், பலர் இருக்கும் இடத்தில்தான் ஆடிஷன். ஹோட்டல் அறை, இரவு பத்து மணி, தனியாக வா என்றால் போகவே வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். துணை வரக்கூடாது என்றால் அதுவே பதில். இது கற்பனைப் பயம் இல்லை. கேரள அரசு 2017ல் அமைத்த ஹேமா குழு, மலையாள சினிமாவில் வாய்ப்புக்காகப் பெண்களிடம் என்னென்ன கேட்கப்பட்டது என்பதை விசாரித்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். கிட்டத்தட்ட ஐந்து வருடம் அலமாரியில் இருந்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சினிமாவுக்கும் பொருந்தும். செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், அவையே சாட்சி.

எவ்வளவு காலம் காத்திருப்பது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எம்.ஜி.ஆர். முதல் படம் 'சதிலீலாவதி' 1936ல், கதாநாயகனான 'ராஜகுமாரி' 1947ல். விக்ரமுக்கு 1990லிருந்து 1999ல் 'சேது' வரை. அந்த ஒன்பது வருடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. 'அமராவதி'யில் அஜித்துக்கும், 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தார். இதைப் படித்துவிட்டு நானும் ஒன்பது வருடம் காத்திருப்பேன் என்று கிளம்பிவிடாதீர்கள். ஜெயித்தவர்களின் காத்திருப்பு மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. நான் எடுத்துக்கொள்வது இதை: காத்திருக்கும் காலத்தில் வாடகை கொடுக்கவும், தொழிலோடு தொடர்பு விடாமல் இருக்கவும் ஒரு வேலை இருந்தது. டப்பிங், விளம்பரம், நாடகம், பகுதி நேரக் கணக்கு வேலை என்று எதுவாக இருந்தாலும் சரி. பசியோடு போகிறவன் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டுவான். பையில் அடுத்த மாத வாடகை இருக்கிறவனால்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதி, எந்த ஆடிஷன், யார் அழைத்தது, பயணச் செலவு எவ்வளவு, என்ன சொன்னார்கள், வந்த வருமானம் எவ்வளவு. என் அறைத்தோழனுக்கு அந்த நோட்டை நான்தான் போட்டுக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் செலவுப் பத்தியில் அந்த 18,000 இருக்கிறது. சென்ற மாதம் ஒரு விளம்பரத்தில் இரண்டு வினாடி வந்ததற்குக் கிடைத்த 2,000 ரூபாயை வரவுப் பத்தியில் அவனே தன் கையால் எழுதினான். அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பிவிட்டான். மீதி 16,000.