செண்பகத்தோப்பு அணிலும் நான் போட்ட கேபிள் பிளானும்

ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுக்கு நான் நெட்வொர்க் பிளான் போட்டுக் கொடுத்து, எங்க சித்தப்பா திட்டு வாங்கின கதை இது. ஜூனியர்ஸ் யாரும் என்னை மாதிரி மாட்டிக்க வேண்டாம்னுதான் எழுதுறேன்.

சித்தப்பா அங்கே எலெக்ட்ரீஷியன். புது ஆபீஸ் கட்டிடத்துல இருந்து பின்னாடி குடோனுக்கு இன்டர்நெட் இழுக்கணும்னு முதலாளி சொன்னதும், "எங்க அண்ணன் பையன் இதைத்தான் படிக்கிறான்"னு பெருமையா சொல்லிட்டார். நான் வரைபடத்துல ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். 85 மீட்டர். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் வரை தாங்கும். அப்புறம் ஃபைபர் எதுக்கு வெட்டிச் செலவுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்.

கேபிள் என்ன ஸ்கேல் வச்ச மாதிரியா ஓடும்? மாடியில இருந்து இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்தி, குடோன் சுவர் ஏறி 130 மீட்டர் ஆயிடுச்சு. பில் போடும்போதெல்லாம் கனெக்‌ஷன் விட்டு விட்டு வந்தது. பத்தாததுக்கு ஒரு மழை நாள் பக்கத்துல இடி விழுந்து, ரெண்டு பக்கமும் ஸ்விட்ச் காலி. திட்டு எனக்கில்லை, சித்தப்பாவுக்கு. அவர் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. அதுதான் தாங்க முடியலை.

அந்த ஞாயித்துக்கிழமை சும்மா செண்பகத்தோப்பு பக்கம் போனேன். சாம்பல் நிற அணிலுக்காக 1988ல சரணாலயம் ஆன காடு. 2021ல புலிகள் காப்பகத்தோட சேர்ந்துடுச்சு. இந்த அணில் பெரும்பாலும் தரைக்கு வராது, கிளைக்குக் கிளைதான். நடுவுல ஒரு மரம் போனா வழியே போச்சு. ஒண்ணு எதிர்ல இருந்த மரத்துக்கு மூணு மரம் சுத்திப் போச்சு. அட, இதைத்தானே நான் அளக்காம விட்டேன்!

மறுநாள் சித்தப்பாவும் நானும் டேப்போட நடந்தே அளந்தோம். இந்த தடவை சிங்கிள் மோட் ஃபைபர். 130 மீட்டர் கண்ணாடியில இழப்பு 0.1 டெசிபல்கூட வராது. ஆனா ஒரு கனெக்டருக்கே 0.75 வரை போகலாம். அதனால தூரத்தைவிட இணைப்புகளை எண்ணணும். தேவை 2 இழை, எழுதினது 12. காசு போறது பள்ளம் தோண்டத்தானே, இன்னொரு தடவை யார் தோண்டுறது? வளைவுலயும் கவனம்: இழுக்கும்போது கேபிள் தடிமனைப் போல 20 மடங்கு ஆரம், போட்டு முடிச்சப்புறம் 10 மடங்கு.

எலிக்கு பயந்து இரும்புக் கவசம் போட்ட கேபிள் எழுதினேன். சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். "கண்ணாடி இடியைக் கடத்தாதுன்னு சொல்லிட்டு அது மேலேயே இரும்பைச் சுத்துறியேடா?" எர்த் பண்ணினா சமாளிக்கலாம்தான். ஆனா அவர் சொன்ன வழி சுலபம்: உலோகமே இல்லாத கேபிள், நல்ல குழாய், ரெண்டு வாயையும் எலி நுழையாம இறுக்கி அடைக்கிறது. எங்க பாடத்துல இது இல்லை :-)

எஸ்டிமேட் இப்போ அவர் சட்டைப் பையில இருக்கு. திங்கட்கிழமை முதலாளிகிட்ட அவரே கொடுக்கிறாராம். நான் கேட்டுக்கு வெளியே நிக்கணுமாம்.