எந்த டிஸ்ட்ரோ என்று கேட்காதே

கொடுமுடி மகுடேசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியறை. பழைய மடிக்கணினித் திரையில் மூன்று டெர்மினல்கள் திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ: டெபியன் 12, ஃபெடோரா 40, ஆர்ச். மூன்றும் பாட்மேன் கண்டெய்னர்கள். மூன்றிலும் இறங்கப்போவது ஒரே மூலநிரல்: தமிழ்99 பழகுகிறவர்களுக்காக இந்த வீட்டுத் தம்பி சி மொழியில் எழுதிய சின்ன ஐபஸ் எஞ்சின் (ஐபஸ் என்பது லினக்ஸின் தட்டச்சு உள்ளீட்டு அமைப்பு). தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999இல் ஏற்றது. லினக்ஸில் அதன் விதிகள் எம்17என் தரவுத்தொகுப்பில் இருக்கின்றன. தம்பி அதையே எடுத்தாள்கிறார்.

"இந்த லேப்டாப்புல ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்றேன்.

"ஓடுதுங்கண்ணா. ஆனா அது கணக்குல வராதுங்க. இத்தன நாளா இதுல என்னென்னமோ போட்டு வெச்சிருக்கறேன். வெறும் மெசின்ல ஓடோணும்."

கண்டெய்னர் அப்படிப்பட்ட வெறும் மெசின். கேட்டதைத் தவிர எதுவும் அதில் இருக்காது.

முதல் சிக்கல் பெயர். ஐபஸ் ஹெடர் கோப்புகள் டெபியனில் 'லிப்ஐபஸ்-1.0-டெவ்', ஃபெடோராவில் 'ஐபஸ்-டெவல்'. ஆர்ச்சில் தனிப் பேக்கேஜே இல்லை, லைப்ரரியோடு வந்துவிடும். தம்பியின் பழைய ஸ்கிரிப்ட் டிஸ்ட்ரோ பெயரைப் பார்த்து வழி பிரிந்தது. ஆனால் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடியொற்றியதுதான். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த மடிக்கணினிகளில் அதுவும் இருந்தது. டெபியன் என்ற பெயரை மட்டும் தேடுகிற ஸ்கிரிப்ட் அங்கே கைவிரித்துவிடும்.

இப்போது அவர் பிகேஜி-கான்ஃபிக்கிடம் 'ஐபஸ்-1.0 இருக்கிறதா?' என்று மட்டும் கேட்கிறார். அந்தப் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றே. லைப்ரரி ஃபெடோராவில் லிப்64 அடைவில் இருந்தாலும், டெபியனில் செயலி வகையின் பெயர் தாங்கிய அடைவில் இருந்தாலும், சரியான வழியை அதுவே சொல்லிவிடும். வந்தவரிடம் எந்த ஊர் என்று விசாரிக்காமல், மஞ்சள் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிற வியாபாரம் இது.

பில்டு தொடங்கியது. டெபியனில் ஓர் எச்சரிக்கையோடு முடிந்தது. ஃபெடோராவில் அதே வரியில் நின்றுவிட்டது. அறிவிக்காத ஃபங்ஷன் ஒன்றை நிரல் அழைத்திருக்கிறது. டெபியன் 12இன் ஜிசிசி 12 அதை முணுமுணுப்போடு விட்டுவிடும். 2024இல் வந்த ஜிசிசி 14 பிழை என்றே சொல்லும். கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அறிவிக்காத ஃபங்ஷன் முழு எண்ணைத்தான் தரும் என்று கம்பைலர் எண்ணிக்கொள்கிறது. அது தருவது முகவரியாக இருந்தால், 64 பிட்டில் பாதி வெட்டுப்பட்டுப் போகும்.

"ஃபிளாக் போட்டு வாயை அடைக்கலாமுங்க. அடுத்த பதிப்புல மறுக்கா வருமுங்க" என்றபடி, விடுபட்ட ஹெடரைச் சேர்த்தார். மூன்றும் முடிந்தன.

ஆனால் மடிக்கணினியில் பழையதை நீக்கிவிட்டு நிறுவிப் பார்த்தால் ஐபஸ் பட்டியலில் எஞ்சினைக் காணோம். வேறெதுவும் சொல்லாவிட்டால் நிறுவல் 'யுஎஸ்ஆர்/லோக்கல்' அடியில் போய்விடும். ஐபஸ் தேடுவதோ 'யுஎஸ்ஆர்/ஷேர்' அடியில். இடத்தைச் சொல்லி மறுபடி நிறுவியதும் தமிழ்99 வந்தது. எஞ்சின் இருக்கும் பாதையையும் எக்ஸ்எம்எல் கோப்பில் கையால் எழுதக்கூடாது, பில்டின்போதே உருவாக்க வேண்டும். ஃபெடோராவில் லிப்எக்ஸெக் அடைவில் இருப்பது ஆர்ச்சில் லிப் அடியில் இருக்கும்.

பில்டு செய்த கோப்பையே கொடுத்துவிட்டால் என்ன? உபுண்டு 22.04இல் கட்டியது டெபியன் 11இல் எழவே எழாது. அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி முன்னதில் 2.35, பின்னதில் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும்; ஆனால் புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்ற உறுதி இல்லை. அதனால் தம்பி மூலநிரலைத்தான் தருகிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று கண்டெய்னர்களும் புதிதாய்ப் பிறந்து பில்டு செய்யும்படி தானியங்கியும் வைத்துவிட்டார்.

அவருடைய ரீட்மீயில் முன்பு 'உபுண்டுவில் சோதித்தது' என்றிருந்ததாம். இப்போது ஒரு சி கம்பைலர், ஐபஸ், எம்17என், பிகேஜி-கான்ஃபிக் என்று நான்கு தேவைகள் மட்டும். டிஸ்ட்ரோ பெயர் ஒன்றுகூட இல்லை.