கங்கையில் ராஃப்ட் ஓட்டுபவர்கள்

பாகீரதியும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகையில் கலந்த பிறகே அந்த நீருக்குக் கங்கை என்னும் பெயர் அமைகிறது. பெரியாழ்வாரின் மங்களாசாசனம் பெற்று, திருக்கண்டமென்னும் கடிநகர் என நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாக வைணவர் போற்றும் அவ்வூரைத் தமிழ்நாட்டு யாத்திரிகர் நெடுங்காலமாக அறிவர். அங்கிருந்து ரிஷிகேசம் வரை சாலை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அத்தொலைவுக்குள் ஆறு மலையிடுக்குகளில் நெருக்குண்டும், பாறைகளில் மோதி நுரைத்தும், திருப்பங்களில் வெண்மணலை ஒதுக்கியும் இறங்கிவந்து, ரிஷிகேசத்தைத் தாண்டியதும் சமவெளியில் அடங்கிவிடுகிறது. காற்றடைத்த பெரிய படகில் பலர் அமர்ந்து துடுப்புப் போட்டு நுரைநீரைக் கடக்கும் ராஃப்டிங் என்னும் சாகச விளையாட்டு, 1980களிலிருந்து இந்த இறக்கத்தை நம்பியே இங்கு வேர்கொண்டு, இன்று ரிஷிகேசத்துக்கு வரும் இளைஞர் பலருக்குக் கோயிலையும் ஆசிரமத்தையும் விட முதன்மையான ஈர்ப்பாகிவிட்டது. விடுமுறைக்குத் திட்டமிடுவோர் பெரும்பாலும் விமானச் சீட்டு, தங்கும் விடுதி, கட்டணத் தள்ளுபடி ஆகியவற்றை ஆராய்ந்து முடித்துவிட்டு, தங்கள் உயிரை ஒப்படைக்கப்போகும் ராஃப்ட் ஓட்டுநரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமலே ஆற்றங்கரைக்கு வந்து சேர்கின்றனர். இந்த வரிசை தலைகீழானது. ஆற்றின் நிலையும் ஓட்டுநரின் திறனுமே அப்பயணத்தின் முதல் இரண்டு கேள்விகள்.

ரிஷிகேசத்துக்கு மேலே ராஃப்ட் இறக்கும் இடங்கள் பல இருப்பினும், வழக்கமாகப் பேசப்படுபவை நான்கு. ரிஷிகேசத்தை ஒட்டிய முடிவிடத்திலிருந்து கணக்கிட்டால் பிரம்மபுரி ஏறத்தாழ 9, சிவ்புரி 16, மரைன் டிரைவ் 25, கௌடியாலா 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஆறு திடீரெனச் சரிந்தும் குறுகியும் வேகமெடுக்கும் இடத்தை ரேபிட் என்பர். ரேபிட்டுகளின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் உலகளாவிய அளவுகோலில், ஒன்று என்பது சிற்றலை, ஆறு என்பது உயிருக்கு உத்தரவாதமே இல்லாத நீர். சிவ்புரிக்குக் கீழே உள்ள ரிட்டர்ன் டு செண்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் போன்றவை பெரும்பாலும் மூன்றாம் தரத்தையும் அதன் சுற்றுவட்டத்தையும் சேர்ந்தவை. முதன்முறையாக வருவோருக்கு இவையே போதுமானவை. கௌடியாலாவுக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் உள்ள ‘தி வால்’ நான்காம் தரத்தைத் தொடுவது. பல ராஃப்டுகளைக் கவிழ்த்துப் பெயர்பெற்றது. நீச்சல் தெரிந்த நண்பர் குழுவொன்று முதல் நாளே கௌடியாலாவைக் கேட்பது வீரமாகத் தோன்றலாம், ஆனால் குளத்திலும் கிணற்றிலும் பழகிய நீச்சல் நுரைநீரில் மிகச் சிறிதளவே உதவும்.

அதற்குக் காரணம் நீரின் இயல்பிலேயே உள்ளது. நுரைத்த நீரில் பாதிக்குப் பாதி காற்றாகக் கூட இருக்கக்கூடுமாதலால் அது உடலைத் தாங்கும் திறன் குறைந்தது. பனிமலையிலிருந்து உருகிவரும் அந்நீரின் குளிர் திடீரெனத் தாக்கும்போது மூச்சு இரைத்து, தன்னையறியாமல் வாய் திறந்துகொள்கிறது. இவற்றினும் கொடியது, ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல்வது. முழங்காலளவு நீர்தானே என்று கால் ஊன்றுபவரின் பாதம் இரு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து தள்ளும் ஓட்டம் அவரை முகங்குப்புறச் சாய்த்து நீருக்குள்ளேயே அழுத்திவிடுகிறது. ஆகவே விழுந்தவர் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியுமாறு மிதக்க வேண்டும் என்பதே இத்தொழிலின் முதற்பாடம்.

சிவ்புரியின் மணற்கரையில் காலை நேரத்தில் இத்தொழிலை அருகிருந்து காணலாம். ஜீப்பின் கூரையில் கட்டிவந்த ராஃப்டை நான்கைந்து பேர் தோளில் சுமந்து இறக்குகின்றனர். ஹைபலான் எனப்படும் செயற்கை ரப்பர் அல்லது பி.வி.சி. பூசிய தடித்த துணியால் ஆன அதன் வெளிக்குழாய் பல தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதால், ஓர் அறை கிழிந்தாலும் ராஃப்ட் மூழ்குவதில்லை. காற்றடித்து முடித்த ஓட்டுநர் உள்ளங்கையால் ஒவ்வொரு குழாயையும் தட்டியும் அழுத்தியும் பார்க்கிறார். வெயிலில் கிடக்கும் குழாயினுள் காற்று விரிந்து தையல் தெறிக்குமளவு இறுகிவிடும் என்பதால், கரையில் காத்திருக்க நேர்ந்தால் சிறிது காற்றை வெளியேற்றுகிறார். குளிர்ந்த நீரில் இறங்கியதும் அதே காற்று சுருங்கிக் குழாய் தொய்வதால், மீண்டும் பம்பை எடுத்து அடிக்கிறார். தொய்ந்த ராஃப்ட் அலையில் மடங்கும், துடுப்புக்கு இணங்காது. கையால் தொட்டு மட்டுமே அறியக்கூடிய இந்த இறுக்கத்தை எந்தப் பயிற்சி ஏடும் சொல்லித் தர இயலாது. மூத்தவரின் அருகில் நின்று, அவர் தட்டிய இடத்தில் தானும் தட்டிப் பழகியே இளையவர் இதைக் கற்கிறார்.

இத்தொழிலின் உண்மையான கல்வி ஆற்றைப் பார்க்கும் பார்வையில் உள்ளது. தொலைவிலிருந்து நோக்கும்போது ஒரே வெண்ணுரையாகத் தோன்றுவதை ஓட்டுநரின் கண் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறது. நீர்ப்பரப்பில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் ஒரு கோலம் தோன்றி, அதன் கூர்முனை ஆறு போகும் திசையை நோக்கினால் அது ஆழமான, தடையற்ற வழி; கூர்முனை ஆறு வரும் திசையை நோக்கினால் அங்கே நீருக்கடியில் பாறை உள்ளது. பெரும் பாறையின் மேல் வழிந்து அதன் பின்புறம் குழிந்து விழும் நீர் மேல்நோக்கிச் சுருண்டு திரும்புவதை ஹோல் என்பர். அகப்பட்ட படகை அது விடாமல் பிடித்து உருட்டக்கூடும். பாறையின் மறைவில் நீர் அமைதியாக எதிர்த்திசையில் ஊர்ந்துவரும் இடம் எடி எனப்படும். ஓட்டுநர்கள் இளைப்பாறுவதும், பின்னால் வரும் ராஃப்டுக்குக் காவலாக நிற்பதும், ஆற்றில் விழுந்தவரைக் கரையேற்றுவதும் இந்த எடிகளில்தான். ரேபிட்டுக்குள் நுழைந்தபின் சிந்திக்க நேரமில்லை. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நுழைவது, தவறினால் எந்த எடியில் ஒதுங்குவது என்பதையெல்லாம் அமைதியான நீரில் இருக்கும்போதே முடிவு செய்துவிடும் ஓட்டுநர், பின்தட்டில் அமர்ந்து இரண்டே வீச்சுகளில் ராஃப்டின் முகத்தைத் திருப்புவதைக் காண்போர், அது எளிய வேலை என்று கருதிவிடுகின்றனர்.

பாறைகள் நின்ற இடத்தில் நின்றாலும் ஆறு ஒவ்வொரு நாளும் வேறானது. நீர்மட்டம் உயர்ந்தால் சில ரேபிட்டுகள் மூழ்கி அடங்கிவிடும். வேறு சில, முன்பு ஒன்றுமில்லாதிருந்த இடத்தில், ஹோலாக மாறி வாய் திறக்கும். இந்த ஏற்ற இறக்கம் மழையாலும் பனியுருகலாலும் மட்டும் நிகழ்வதன்று. பாகீரதியின் குறுக்கே 260.5 மீட்டர் உயரமுள்ள டெஹ்ரி அணையும் அதற்குக் கீழே கோட்டேஷ்வர் அணையும், அலக்நந்தாவின் குறுக்கே ஸ்ரீநகர் நீர்மின் திட்டமும் உள்ளமையால், மின்தேவை மிகும் வேளையில் திறக்கப்படும் நீரும் கங்கையில் வந்து சேர்கிறது. கரையோரத்தில் நீர் தொடும் இடத்தில் ஒரு கல்லையோ குச்சியையோ நட்டுவைத்து, சிறிது நேரம் கழித்து அது மூழ்கியிருக்கிறதா, விலகி நிற்கிறதா என்று பார்ப்பது ஓட்டுநர்களின் பழைய வழக்கம். மணலில் படிந்த ஈரக்கோடும் பாறையின் நீர்த்தடமும் அவர்களுக்கு அன்றைய செய்தித்தாள்.

புறப்படும் முன் நிகழும் பாதுகாப்பு விளக்கம் பல குழுக்களில் செல்ஃபிக்கிடையே கவனிக்கப்படாமல் போவது வருந்தத்தக்கது. அதில் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் எவரோ ஒருவர் பட்ட காயத்திலிருந்து பிறந்தது. துடுப்பின் மேல்முனையில் குறுக்காக உள்ள டி-பிடியை உள்ளங்கையால் எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பது, கையை எடுத்தவுடன் அப்பிடி பக்கத்தில் இருப்பவரின் பல்லையோ மூக்கையோ உடைத்துவிடும் என்பதால். லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இழுத்து இறுக்கியபின், ஓட்டுநர் அதன் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறார். அது காதுவரை எழும்பினால் நீரில் முகத்தை மறைத்துவிடும், மீண்டும் இறுக்க வேண்டும். ‘ஃபார்வர்டு’, ‘பேக்’, ‘ஸ்டாப்’, ‘கெட் டவுன்’ என்னும் கட்டளைகளோடு, ‘ஹை சைட்’ என்னும் ஒன்றையும் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். ராஃப்ட் பாறையில் பக்கவாட்டாகச் சாயும்போது எல்லோரும் பாறை உள்ள, மேலெழும் பக்கத்துக்குத் தாவ வேண்டும் என்பது அதன் பொருள். அச்சத்தில் மனிதர் விலகுவது எதிர்ப்புறம். அப்படி விலகினால் ராஃப்டுக்குள் நீர் புகுந்து கவிழும்.

ராஃப்டுக்கு முன்னும் பின்னும் சிறு கயாக்கில், அதாவது ஒருவர் மட்டும் அமரும் ஒடுங்கிய படகில், செல்பவர் பாதுகாப்புக் கயாக்கர். விழுந்தவரிடம் முதலில் சென்று சேர்பவர் அவரே. ஆனால் ரிஷிகேசத்தில் பயணிகளின் வீடியோவை எடுத்து விற்பது தனி வருமானமாகிவிட்டதால், அதே கயாக்கர் ஒளிப்பதிவாளராகவும் இருக்க நேர்கிறது. ஒருவரது கண் கேமராவிலும் நீரிலும் ஒருங்கே நிலைக்க இயலாது. இவ்விரு வேலையையும் ஒருவர் மேல் சுமத்துவது முற்றிலும் தவறு. அதன் பழி கயாக்கருக்கு உரியதன்று, ஓர் ஆளின் கூலியில் இரண்டு வேலையை வாங்கும் ஏற்பாட்டுக்கே உரியது.

ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கங்கைக்கரைக் கர்வாலிச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். நேபாளத்திலிருந்து வந்தவர்களும் உளர். பலருக்கு ஊதியம் பயணத்தின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வார இறுதியில் கூட்டம் மிகும்போது ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்க வேண்டியிருக்கும், கூட்டமில்லாத நாளில் கரையில் காத்திருக்க வேண்டியிருக்கும். மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கங்கையில் ராஃப்டிங் நிறுத்தப்படுவதால், தேர்ந்தவர்கள் கோடையில் பருவம் தொடங்கும் லடாக்கின் சிந்து, ஜான்ஸ்கர் ஆறுகளுக்குச் செல்கின்றனர். ஏனையோர் வயலுக்கும் கடைக்கும் திரும்புகின்றனர். தோள்மூட்டு விலகல், இடுப்புவலி, ஓயாத ஈரத்தால் வெடிக்கும் பாதம் ஆகியன இத்தொழிலின் நிரந்தரத் துணைகள். 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், முறையான விதிகள் வகுக்கப்படும் வரை மாநிலத்தில் ராஃப்டிங் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளை நிறுத்திவைத்தது. விதிகள் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் விதியின்மைக்கு விலைகொடுத்தவர்கள், அப்பருவத்தின் கூலியை இழந்த தொழிலாளர்களே. ஓட்டுநரின் முதலுதவிப் பயிற்சியைக் கேட்கும் சமூகம் அவரது ஓய்வையும் காப்பீட்டையும் கேட்காமல் இருப்பது நியாயமாகாது.

பயணத்துக்கு உரிய பருவம் செப்டம்பர் இறுதி முதல் ஜூன் வரை. அக்டோபர், நவம்பரில் நீர் தெளிந்து பசுமையாகவும், வானிலை இதமாகவும் இருக்கும். மார்ச், ஏப்ரலும் நல்ல மாதங்கள். டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமையானது. மே, ஜூனில் சார்தாம் யாத்திரை வாகனங்கள் அதே சாலையில் செல்வதால், சிவ்புரிக்குச் செல்லும் சிறு தொலைவுக்கே மணிக்கணக்கில் ஆகலாம். தமிழ்நாட்டிலிருந்து வருவோர் டேராடூன் விமான நிலையத்திலோ ஹரித்துவார் ரயில் நிலையத்திலோ இறங்கினால், ரிஷிகேசம் ஒரு மணி நேரச் சாலைப் பயணத்துக்குள் உள்ளது. கௌடியாலா முதல் ரிஷிகேசம் வரை ஆற்று மணலில் கூடாரமடிக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தடை விதித்ததால், மணலிலேயே தங்கலாம் என்று சொல்லி அழைப்போரை நம்பலாகாது. புடவை, துப்பட்டா, வேட்டி, ஜீன்ஸ் ஆகியவை நீரில் கனத்துக் காலைச் சுற்றும். விரைவில் உலரும் செயற்கை இழை ஆடையும், பின்வாருள்ள செருப்பும் வேண்டும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு வேண்டும். கருவுற்றோர், இதய நோயாளர், வலிப்பு உள்ளோர், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோர், 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர் ஆகியோர் இறங்கக் கூடாது. மது அருந்தியவர் கரையை நெருங்கவே கூடாது.

பயணம் முடிந்து ராஃப்டுகள் கரையேறும் முனி கி ரேத்தியில், நெல்லைச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பின் துறவு பூண்ட சுவாமி சிவானந்தர் 1936இல் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் உள்ளது. தமிழ் வாசகர் ஒரு நாளை அங்கும் செலவிடலாம்.

பணம் கட்டும் முன் வாசகர் கேட்க வேண்டியவை சில உண்டு: இன்றைய நீர்மட்டம் என்ன, பாதுகாப்புக் கயாக் தனியாக வருகிறதா, ராஃப்ட் ஓட்டுபவர் காலையிலிருந்து எத்தனை முறை இறங்கியிருக்கிறார். விடை சொல்லத் தயங்கும் இடத்தில் தள்ளுபடி எவ்வளவு பெரிதாயினும் பதிவு செய்யாதீர்கள். கரையில் நின்று ஆற்றைப் பார்த்த ஓட்டுநர் இன்று வேண்டாம் என்று சொன்னால், கட்டிய பணத்தைக் காட்டி அவரை வற்புறுத்தாதீர்கள். அவர் சொல்லை ஏற்றுத் திரும்பிவிடுங்கள்.