மூடி வைத்த தேக்சா



உங்கள் இல்லத்தில் ஒரு வலீமா விருந்து முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. சமையல் கொட்டகையில் ஒரு தேக்சா கறியாணம் மிஞ்சியிருக்கிறது. என்ன செய்வீர்கள்? ஈ மொய்க்காமல் மூடியைப் போட்டு, அதன் மேல் கனமாக ஒரு கல்லையும் தூக்கி வைத்து, "இஷாவுக்குப் பிறகு வீடு வீடாகக் கொடுத்துவிடலாம்" என்பீர்கள். நாங்களும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வந்தோம்.

என் மாமனார் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வட்டாரத்தில் பெயர் பெற்ற பண்டாரி. நெய்ச்சோறும் தாளிச்சாவும் அவர் கைப்பட்டால்தான் கல்யாணம் களைகட்டும் என்று தேதியை அவருக்காகத் தள்ளி வைத்த குடும்பங்கள் உண்டு. நான் அந்த வீட்டு மருமகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் மளிகைச் சீட்டு எழுதுவதும், கூலிக் கணக்கு பார்ப்பதும், உரிமத்துக்கான காகிதங்களைப் பத்திரப்படுத்துவதும் என் பொறுப்பாயின. கொட்டகைப் பக்கம் நான் போனதில்லை. அது ஆண்களின் இடம்.

2022ஆம் ஆண்டில் நடந்த ஒரு திருமணத்தில் எழுநூறு பேர் நண்பகலில் உண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மிஞ்சிய கறியாணம் இரவு ஒன்பது மணிக்கு மேல் பதினைந்து வீடுகளுக்குப் போயிற்று; எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குப் பாத்திரம் வந்தது. விடிவதற்குள் வயிற்றுப்போக்கும் வயிற்றைப் பிசைகிற வலியும் தொடங்கிவிட்டன. பதினோரு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் என் இளைய மகன். அப்போது அவனுக்கு வயது ஆறு. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் நலமாகத் திரும்பினார்கள்.

ஆனால் ஊர் வாய் திரும்பவில்லை. "செத்த ஆட்டை அறுத்துப் போட்டுவிட்டார்கள்" என்று எவரோ சொன்ன சொல் தெருத் தெருவாகப் போயிற்று. ஆடுகளைத் தாமே பார்த்து வாங்கி, அறுக்கும்போது பக்கத்தில் நின்று, பிஸ்மி சொன்னதைத் தம் காதால் கேட்ட பிறகே கறியை ஏற்றிவரும் மனிதர் அவர். அந்தச் சொல் அவரை உட்காரவைத்துவிட்டது. "பந்தியில் சாப்பிட்ட எழுநூறு பேருக்கும் இதே கறிதானேம்மா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பார். என்னிடம் பதில் இல்லை.

பதில் வேறொரு வழியாக வந்தது. மறு ஆண்டு உரிமம் தொடர்பாக அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, உணவைக் கையாளும் ஆட்கள் இருபத்தைந்து பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்றார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017 முதல் நடத்திவரும் பயிற்சி அது, பெயர் ஃபாஸ்டாக். என் கணவர், "சுங்கச்சாவடிக்காக வண்டிக் கண்ணாடியில் ஒட்டுவதுதானே, அதுதான் இருக்கிறதே!" என்றார். கொட்டகை ஆண்களில் எவரும் நாள் முழுதும் வகுப்பில் உட்காரத் தயாராக இல்லை. கடைசியில் படித்தவள் என்று என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

ஒரு பலகாரக் கடைக்காரர், இரண்டு தேநீர்க் கடை முதலாளிகள், ஒரு மாணவியர் விடுதியில் சமைக்கும் அம்மாள் என்று பலரும் இருந்த வகுப்பு அது. பயிற்றுநர் தமிழிலேயே பேசினார். கை கழுவுவது, நகம் வெட்டுவது, பச்சைக் கறி வெட்டும் பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காமல் இருப்பது, பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருப்பது, செய்தித்தாளில் வடையை வைக்காமல் இருப்பது எனக் காலை முழுவதும் போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தூக்கம் வந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எண்ணினேன்.

பிற்பகலில் அவர் ஒரு கோடு வரைந்தார். அடியில் 5 டிகிரி, மேலே 60 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவே சமைத்த உணவை நெடுநேரம் நிறுத்தக் கூடாது என்றார். பிறகு சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கறியில் இருக்கக்கூடிய சில கிருமிகள் கொதியில் சாவதில்லை. விதையைப் போன்ற ஒரு கூட்டுக்குள் அடங்கிக்கொள்கின்றன. கொதி அடங்கி, சூடு மெல்ல மெல்ல இறங்கும்போது விழித்துக்கொள்கின்றன. பெரிய பாத்திரத்துக் கறியில் பெருகும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் கிருமி, தனக்கு உகந்த 45 டிகிரி வாக்கில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். வகுப்பிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று, மூன்று மணி நேரத்தில் 2,62,144 ஆகிறது. சோற்றிலும் இப்படியொரு கிருமி உண்டு. அது கக்கும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போவதில்லை.

சகோதரிகளே, கறியில் குற்றம் இல்லை, அறுத்ததிலும் இல்லை, மூடியில் இருந்தது. அன்று கறியை எவரும் சோதனைக்கு அனுப்பவில்லை. ஆயினும் பந்திக்கும் வீடுகளுக்கும் இடையே மாறியது அந்த ஏழு மணி நேரம் ஒன்றுதான். பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, அச்சமாகவும் இருந்தது. மாமாவின் மீது விழுந்த பழி பொய் என்று சொல்லலாம். ஆனால் அதே மூச்சில், "மூடச் சொன்னது நீங்கள்தான்" என்பதையும் சொல்லியாக வேண்டுமே!

சொன்னேன். "என் கையே வெப்பமானி, எனக்கு ஒரு குச்சி வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. நான்காம் நாள் நான் ஒரு வேலை செய்தேன். வீண்விரயம் என்று எவரும் சொல்லாதபடி, கறிக்குப் பதிலாக ஒரு தேக்சா நிறையச் சுடுநீர் ஊற்றி, மூடி போட்டு, கல்லும் வைத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு 75 டிகிரி. அஸருக்குப் பிறகு ஐந்து மணிக்கு 57. இஷா முடிந்து வந்தவர், எவரும் சொல்லாமலே தாமே மூடியைத் திறந்து குச்சியை விட்டார். ஒன்பது மணிக்கு 44 டிகிரி. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை வருஷம்…" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு எங்கள் முறை மாறிற்று. பந்தி எழுந்ததும் மிச்சத்தை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் ஊற்றிவிடுகிறோம். கொடுப்பதானால் சூடு ஆறுமுன் லுஹருக்குப் பின்னரே கொடுத்து முடிக்கிறோம். வைத்திருப்பதானால் தட்டுகளைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறக்கிக் குளிர்பெட்டியில் ஏற்றுகிறோம். தட்டுகளுக்கும் குளிர்பெட்டிக்கும் ஒரு சீசன் லாபம் போயிற்று. விரலில் காயம் பட்டவரைச் சோறு வடிக்க விடுவதில்லை என்பதால் ஒரு நாள் ஆள் குறைந்து நானே வெங்காயம் உரித்தேன். பிரியாணிக்குச் செயற்கைச் சாயம் கேட்கும் சம்பந்தி வீட்டாருடன் நடக்கும் வழக்கைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2024இல் ஒரு பெண் வீட்டார், மிச்சத்தை இரவுவரை தேக்சாவிலேயே வைக்கும்படி கேட்டார்கள். மறுத்தேன். "உணவை வீணாக்குவது பாவமில்லையா?" என்று கேட்டார் பெண்ணின் தகப்பனார். நியாயமான கேள்விதான். வீண்விரயத்தை நிறுத்த வேண்டிய இடம் இரவு ஒன்பது மணியன்று, அழைப்பிதழ் எண்ணும் நாள் என்று சொன்னேன். எட்டுத் தேக்சா கேட்டபோது ஆறு போதும் என்று நான் எழுதித் தந்த சீட்டையும் காட்டினேன். அவர் சமாதானமாகவில்லை. அவருடைய இரண்டாம் மகளின் திருமணத்துக்கு வேறு பண்டாரி வந்தார்.

சான்றிதழ் இரண்டாண்டுக்குத்தான் செல்லும். 2025இல் நான் மறுபடியும் போய்ப் புதுப்பித்து வந்தேன். ஷவ்வால் மாதத்துத் திருமணங்களில் எங்கள் ஆட்கள் இருபத்தைந்தைத் தாண்டிவிடுவதால் இன்னொருவரும் போக வேண்டியிருக்கிறது. என் கணவர் இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வருகிறார். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மாமா, செருப்பை மாட்டியபடியே என்னைக் கேட்டார்:

"ஏம்மா, அந்த வகுப்பு தமிழில்தானே நடக்கும்? எழுத்துப் பரீட்சை ரொம்பப் பெரிசா?"